சாமலாக் காட்டுக்கு எந்தத் தோட்டா?

தடா அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னைப் பக்கம்தான் வண்டியைத் திருப்புவார்கள். மேற்கே திருப்பதியையும் தாண்டிப் போனால் சாமலாப் பள்ளத்தாக்கு. கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்த காடு. 1954இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே அந்தக் கதை இருக்கிறது. படிக்கிறவர்கள் புலியைப் பார்ப்பார்கள்; என் கண் துப்பாக்கிக்குள் போகும் தோட்டாவின் மேல் போகும்.

அவர் வழக்கமாகத் தூக்கித் திரிந்தது 1895 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி, .405 ரகம். தோட்டா 1904இல் வந்தது. கழுத்து ஒடுங்காமல் நேராக எழும் பித்தளைக் கூடு, அதன் வாயில் மொண்ணை மூக்கோடு 19 கிராம் குண்டு. முரட்டு உருவம், அழகென்று சொல்ல மாட்டேன். நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகம். தூரம் கூடக் கூட வேகம் விழுந்து குண்டு தாழ்ந்துவிடும். ஆனால் மூங்கில் புதருக்குள் நாற்பது அடியில் புலி எழுந்து வரும்போது தூரக்கணக்கு யாருக்கு வேண்டும்? கீழே இருக்கும் லீவரை ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, அடுத்த தோட்டா தயார். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கவேட்டைக்கென்று கொண்டுபோனதும் இதுதான். தோளை உதைப்பதில் மட்டும் இரக்கமே கிடையாது.

அடுத்தது .303, நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் எல்லோரும் பார்த்த 'த்ரீ நாட் த்ரீ'. கூடு அடியிலிருந்து மேலே நன்றாகச் சரிந்து ஒடுங்கும். அதனால் புழுதியிலும் சேற்றிலும் சுட்ட கூடு சிக்காமல் வெளியே வரும். அடியில் ஒரு விளிம்பு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தொலைந்தது. 1910இல் வந்த ஏழாம் ரகக் குண்டின் கூர்முனைக்குள் ஈயம் கிடையாது, அலுமினியமோ மரக்கூழோதான். எடை பின்பக்கம் சேர்வதால் உடம்பில் பட்டதும் புரளும். கல்கத்தாவை அடுத்த டம்டமில் செய்தது போன்ற, உடம்புக்குள் விரியும் குண்டுகளை 1899 ஹேக் மாநாடு விலக்கிய பிறகு பிறந்த சாமர்த்தியம் இது. வேலைப்பாட்டை வியக்கலாம், மெச்ச மனம் வரவில்லை.

ராணுவத் தோட்டா மக்கள் கைக்குப் போகக் கூடாதென்று ஆங்கில அரசுக்கு ஒரே பயம். 1907 வாக்கில் .450 ரகத்தையும் இந்தியாவில் தடுத்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் சளைக்கவில்லை; .465, .470, .475 என்று மயிரிழை விலகிப் புதுப்புது ரகம் செய்தார்கள். நம் அரசுத் தொழிற்சாலையின் .315 வேட்டைத் துப்பாக்கியும் .303க்கு உரிமம் கிடைக்காத அந்த வழியில் வந்ததே.

.275 ரிக்பி வேறு சாதி. ஜெர்மனியின் 7 மி.மீ. மவுசர் தோட்டாதான், லண்டன் பெயர் சூட்டிக்கொண்டது. சம்பாவத் பெண்புலியை 1907இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த துப்பாக்கி இந்த ரகம். விளிம்பு துருத்தாத கூடு, அளவான தோள், 9 கிராமில் நீண்டு மெலிந்த குண்டு. உதை குறைவு, சுடுகிறவன் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொள்வதில்லை, குறி தப்புவதில்லை. ஆயிரத்துக்கும் மேல் யானைகளைக் கொன்ற பெல் என்ற வேட்டைக்காரர், பெரும்பாலானவற்றை இந்தச் சின்னத் தோட்டாவால்தான் வீழ்த்தினார். அந்தக் கணக்கு கசக்கிறது, ஆனால் தோட்டாவின் தரத்துக்கு அது சாட்சி.

1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் சாமலாவில் எந்த ரகத்துக்கும் வேலையில்லை. வேலை இருந்த காலத்தில் அந்தப் புதருக்குள் நிற்க .405தான் சரி, ஆண்டர்சன் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தோட்டா என்ற பொருளின் அழகுக்கு என் ஓட்டு .275க்கே.