கார்டு எங்கே மூச்சு விடுகிறது?

குட்டி கம்ப்யூட்டரைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "இவ்வளவு சின்னதா? சூடாகிடுமே!" அடுத்தது, "இதே காசுக்குப் பெரிய போர்டே வருமே." அவ்வளவுதான், ரசனை முடிந்தது. கேட்டவர் தன் முழங்கால் உயரக் கேபினெட்டுக்கே திரும்பிப் போய்விடுவார். அதற்குள் பாதிக்கு மேல் வெற்றிடம். காற்றைக் காசு கொடுத்து வாங்கி மேசைக்கடியில் வைத்திருக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைப்பதில்லை.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305-க்கு 244 மி.மீ.; 1995-இல் இன்டெல் வகுத்த அளவு. மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. 2001-இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்தது. பரப்பில் பெரியதன் ஐந்தில் இரண்டு பங்குதான். பொதுவாக ராமுக்கு இரண்டு ஸ்லாட், கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. "இப்போதைக்குச் சின்ன ராம் இரண்டு போடுவோம், பிறகு கூட்டிக்கொள்வோம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. கூட்டுவதென்றால் போட்டதைக் கழற்ற வேண்டும். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்னவாயிற்று என்பீர்கள். 244-க்கு 244, விலை குறைவு, பெரும்பாலும் ராமுக்கு நான்கு ஸ்லாட். நியாயமான போர்டு. நியாயமானவர்கள் வாங்கட்டும்.

மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் எஸ்எஃப்எக்ஸ் என்று கேளுங்கள். வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அடைக்கும் இடம் சுமார் 1.8 லிட்டர், இது 0.8 லிட்டர்கூட இல்லை. ஆமாம், லிட்டர்தான். கேபினெட்டின் நீள, அகல, உயரங்களை மில்லிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர். சாதாரணக் கேபினெட் 40, 50 லிட்டர் போகும். பத்தைச் சுற்றி வந்தால்தான் எங்கள் பேட்டைக்குள் நுழைகிறீர்கள்.

போர்டைப் பார்க்கும்போது அதன் மேல் ஒட்டிய அலங்காரத் தகட்டை மறந்துவிடுங்கள். இத்தனை சிறிய இடத்தில் எதை எங்கே தள்ளியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பின்பக்கம் ஒரு எம்.2 ஸ்லாட்டை ஒளித்திருப்பார்கள். அதில் எஸ்எஸ்டியை மாட்டிவிட்டுத்தான் போர்டைப் பொருத்த வேண்டும், மறந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பவர் கனெக்டர் ஓரத்தில் இருக்கிறதா, கூலரின் வயிற்றில் இடிக்கிறதா? போர்டு வரைந்தவரின் கைத்திறன் இங்கேதான் தெரியும்.

இனி கேபினெட். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் அவசரப்பட்டேன்.

சின்னக் கேபினெட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பெரிய கேபினெட்டையே சுருக்கியது: போர்டு ஒரு பக்கம் நிற்கும், கிராஃபிக்ஸ் கார்டு அதில் நேராகச் செருகி நிற்கும். இன்னொன்று சாண்ட்விச்: நடுவில் ஒரு தகடு, ஒரு பக்கம் போர்டு, அதன் முதுகுக்குப் பின்னால் கார்டு, இரண்டையும் இணைக்க ரைசர் என்ற பட்டைக் கேபிள். இந்த வகையில், டேனியல் ஹான்சன் வடிவமைத்த டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் கேபினெட் 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்தது. 7.2 லிட்டர். முழு நீளக் கிராஃபிக்ஸ் கார்டு அதற்குள் உட்காரும். முதல் ஜாதி கெட்டிக்காரத்தனம், இரண்டாவதுதான் யோசனை. முதலாவதில் கார்டு கக்குகிற வெப்பம் நேரே ப்ராசஸர் கூலரை நோக்கி ஏறும். சாண்ட்விச்சில் இரண்டுக்கும் தனித்தனி அறை. கார்டின் ஃபேன் பக்கத் தகட்டின் துளைகள் வழியே வெளிக்காற்றையே இழுக்கும். "சூடாகிடுமே" என்றவர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. டான் ஏ4-இல் கூலர் 48 மி.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது. நாக்டுவாவின் 37 மி.மீ. கூலர் போன்றவை கச்சிதமாக அடங்கும். ஆனால் அதன் தலையில் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிற ப்ராசஸரைக் கட்டாதீர்கள், 65 வாட் வகையோடு நிறுத்துங்கள். ரைசரின் தலைமுறையையும் பாருங்கள். பிசிஐஇ 3.0 ரைசரில் 4.0 கார்டை மாட்டினால் திரை இருண்டே கிடக்கலாம், பயாஸில் 3.0 என்று அமைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். ஃப்ராக்டல் நிறுவனத்தின் டெர்ரா கேபினெட் இன்னும் ஒரு படி மேலே: 10.4 லிட்டர், நடுத் தகடே நகரும். கூலருக்கு இடம் கொடுத்தால் கார்டுக்குக் குறையும், கார்டுக்குக் கொடுத்தால் கூலருக்கு. எந்த மில்லிமீட்டரை யாருக்குத் தருவது என்று நாமே தீர்ப்பு எழுதலாம். இதைவிடச் சுகமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை. டெர்ராவை விமர்சிக்க வந்தவர்களோ முகப்பிலுள்ள வால்நட் மரத்தைத் தடவிக்கொண்டே நேரத்தைப் போக்கினார்கள்!

இப்போதைய மோகம் இரண்டு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஏழு நிற விளக்கு. மீன் விடாத குறைதான். காற்று நுழைய வேண்டிய இடத்தில் கண்ணாடியை வைத்துவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்ட ஆறு ஃபேன் விற்கிறார்கள். அதை அழகு என்று எழுதுகிறவர்கள் கேபினெட்டை விமர்சிக்கவில்லை, ஜன்னலை விமர்சிக்கிறார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் கேம் ஆடுகிறவன் இல்லை. தட்டச்சு, பாட்டு, வங்கிக் கணக்கு, இவ்வளவுதான் என் உபயோகம். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் தாராளம். இருந்தும் கார்டு வாங்கினேன். சாண்ட்விச்சில் ஒரு பாதி காலியாகக் கிடப்பதைத் தாங்க முடியவில்லை. வீட்டில் கேட்டபோது "வேலைக்கு வேண்டியிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, கேபினெட்டை முதலில் முடிவு செய்யுங்கள். கூலரும் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அது சொல்கிற அளவுக்குள்தான் வர முடியும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் கார்டு எங்கிருந்து காற்று இழுக்கும்? அவர் விளக்கின் நிறங்களைச் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.