ஆட்டம் தீர்ந்த ஜிப்சி

மாருதி ஜிப்சியின் சாலை நடத்தையைத் தீர்மானிப்பவை மூன்று: முன்னும் பின்னும் ஒரே துண்டாக ஓடும் அச்சு, அந்த அச்சுகளைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள், ஒரு டன்னை ஒட்டிய எடை. சுசுகியின் எஸ்ஜே வரிசையில் பிறந்து 1985 இறுதியில் இந்தியச் சாலைக்கு வந்த இந்த வண்டி, 2010களின் கடைசி வரை அடிப்படை மாறாமல் விற்பனையில் இருந்தது. மாறியது எஞ்சின்தான். தொடக்கத்தில் 970 சிசி, சுமார் 45 குதிரைத்திறன். 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்சி கிங் வந்தது. 2000-இல் பதினாறு வால்வும் எம்பிஎஃப்ஐயும் சேர்ந்து 80 குதிரைத்திறன் ஆனது. அடியிலிருந்த சட்டமும் அச்சும் பட்டையும் அதே அமைப்பில் நின்றன. ஆகவே கிங் வைத்திருப்பவருக்கு நெடுஞ்சாலை வேகம் எளிதில் கிடைக்கிறது. அந்த வேகத்தில் வண்டியை நேராக வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் அடிப்பாகத்தின் மீது விழுகிறது.

கைமாறி வரும் ஜிப்சிகளில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. நேர்ச்சாலையில் வண்டி இடமும் வலமும் அலைகிறது. 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையை உதறுகிறது. வளைவுக்குள் மேடு வந்தால் பின்பக்கம் துள்ளி வெளியே நகர்கிறது. இவற்றை ஜிப்சியின் பிறவிக்குணம் என்று சொல்லி ஏற்றுக்கொள்பவர்கள் அதிகம். அது வண்டிக்குச் செய்யும் அநியாயம். நல்ல நிலையிலுள்ள ஜிப்சி கடினமாகக் குலுக்கும், ஆனால் அலையாது. அலைச்சலும் உதறலும் தேய்மானத்தின் வேலை. ஸ்டியரிங் பாக்ஸ், டிராக் லிங்க், டை ராட் முனைகள், கிங்பின் பேரிங், ஹப் பேரிங், பட்டைப் புஷ் என ஒவ்வோர் இணைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சேர்ந்த ஆட்டம் மொத்தமாகிச் சக்கரத்தைத் தன்போக்கில் விடுகிறது. இந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகத் தீர்ப்பதில்தான் தேர்ந்த மெக்கானிக்கின் கலை வெளிப்படுகிறது. கடையில் வாங்கிப் பூட்டும் எந்த உபரிப் பாகமும் அதற்கு ஈடாகாது.

உயரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகள் கெடுவது அங்கேதான். தொடக்க கால ஜிப்சியின் சக்கர இடைவெளி, அதாவது இட, வலச் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம், குறுகலானது. 1993-இல் அது 90 மில்லிமீட்டர் விரிந்து, முன்பக்கம் 1300 மில்லிமீட்டர் ஆனது. சக்கர இடைவெளியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் திறனின் எளிய அளவுகோல். மையம் 600 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்த எண் 1.08. வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 1.0. கணக்கில் சிறிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பெரிதாகத் தெரியும். ஜிப்சியின் நெருங்கிய உறவான சுசுகி சாமுராயை 1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எளிதில் கவிழக்கூடியது என்று சோதித்துக் காட்டி, ஏற்கத்தக்கதல்ல என்று தீர்ப்பெழுதியது. சோதனை நடந்த விதத்தை எதிர்த்து சுசுகி 1996-இல் வழக்குத் தொடர்ந்தது. 2004-இல் அது சமரசத்தில் முடிந்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் இருந்தாலும், குறுகிய உயரமான வண்டியை மேலும் உயர்த்துவது சாலை ஓட்டத்துக்கு ஆகாது என்பது மாறாது. ஜிப்சியில் பட்டை அச்சுக்குக் கீழே அமைந்திருக்கிறது. அதைக் கழற்றி அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டுவதும், பட்டை முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டுத் தூக்குவதும் பாறை ஏறுபவர்களின் தேவை. தார்ச்சாலையில் ஓடப்போகும் வண்டிக்கு அவை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

பட்டை ஸ்பிரிங்கைப்போல் சிக்கனமான பாகம் மோட்டார் உலகில் குறைவு. எடையைத் தாங்குவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அச்சை முன்பின் நகராமல் பிடிப்பதும், பக்கவாட்டில் விலகாமல் தடுப்பதும், பிரேக் பிடிக்கையில் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் எதிர்ப்பதும் அதுவேதான். பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வு, ஷாக் அப்சார்பரின் பாரத்தில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்கிறது. பழைய வண்டியில் இந்த உராய்வுதான் பகையாகிறது. பட்டைகளுக்கு நடுவே துருவும் சேறும் இறுகிவிட்டால் ஸ்பிரிங் சிறிய மேடுகளுக்கு அசையவே அசையாது; சக்கரம் தரையை விட்டுக் குதிக்கும். வளைவுக்குள் பின்பக்கம் துள்ளுவதற்கு இதுவே முதல் காரணம். செட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல் உண்டா என்று பார்த்து, உரசும் இடங்களில் கீழ்ப்பட்டையின் முனை பதிந்து உண்டான பள்ளத்தை மட்டப்படுத்தி, கிராஃபைட் கிரீஸ் தடவி மீண்டும் கோத்தால் வண்டியின் குணமே மாறிவிடும். செலவு சொற்பம்; பலனோ புது ஸ்பிரிங் போட்டதற்கு அருகில் வரும்.

பட்டை தொய்ந்து வளைவிழந்திருந்தால் கதை வேறு. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் பட்டை அடிக்கும் பட்டறைகள் இன்றும் உண்டு. அங்கே தேர்ந்த கைக்காரர் பட்டையை உலையில் வைக்காமல், குளிர்ந்த நிலையிலேயே இரு தாங்கிகளின் மேல் கிடத்தி, விரலகல இடைவெளியில் சம்மட்டியால் வரிசையாகத் தட்டி வளைவை மீட்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் பட்டை மிகச் சிறிதளவே வளையும். இடையிடையே பக்கத்துப் பட்டையின் மேல் வைத்துப் பார்த்து, எங்கே ஒளி கசிகிறதோ அந்த இடத்தில் இன்னொரு தட்டு. இடப்பட்டையும் வலப்பட்டையும் ஒரே வளைவுக்கு வந்து சேரும் அந்தக் கணிப்பு காண்பதற்கு அரியது. உலையில் காய்ச்சி வளைப்பது இதைவிட வேகமான வழி. ஆனால் காய்ச்சிய ஸ்பிரிங் எஃகை எண்ணெயில் குளிரவைத்துக் கடினமாக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் விட்டால், அது சில மாதங்களில் மீண்டும் தொய்யும், அல்லது பள்ளத்தில் முறியும். வெப்பநிலையைச் சரியாகக் காக்கும் வசதி இல்லாத பட்டறையில் சம்மட்டி வேலையே மேல்.

பட்டையைத் திரும்பப் பூட்டும்போது ஒரு சிறு நுணுக்கம் பெரிய வித்தியாசம் செய்கிறது. புஷ் வழியாகச் செல்லும் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே சிறைப்பட்டு, வண்டி வேண்டிய உயரத்துக்கு இறங்காமல் நிற்கும். ரப்பரும் விரைவில் கிழியும். யூரித்தேன் புஷ் ஆட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மை. இருந்தாலும் ஜிப்சியின் கடினமான பட்டையோடு அது சேர்ந்தால் அதிர்வு முழுவதும் இருக்கைக்கு ஏறும். அன்றாடம் ஓடும் வண்டிக்கு நல்ல ரப்பரே போதும்.

உதறலின் வேர் முன் அச்சின் இரு முனைகளில் இருக்கிறது. ஜிப்சியின் முன்சக்கரம் திரும்புவது உருண்டை வடிவ நக்கிளுக்குள் மேலும் கீழும் உட்கார்ந்திருக்கும் இரண்டு கிங்பின் பேரிங்குகளின் மேல். அவற்றின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடிகாரத்தின் 12-ஐயும் 6-ஐயும் பிடிப்பதுபோல் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்தவுடன் ஆட்டம் மறைந்தால் குறை ஹப் பேரிங்கில். மறையாமல் நின்றால் கிங்பின்னில். பிரேக், ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது, எஞ்சும் அசைவு நக்கிளுக்கு உள்ளிருந்தே வர முடியும். ஒரு மிதியில் இரண்டு சந்தேகங்களைப் பிரித்துவிடும் இந்தச் சோதனையின் எளிமைக்கு இணை கிடையாது.

பேரிங் மாற்றியதும் வேலை முடிவதில்லை. கிங்பின் அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நக்கிளின் எண்ணெய் சீலைக் கழற்றிவிட்டு, டை ராட் பூட்டும் துளையில் வில் தராசை மாட்டி இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும் விசையைப் பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவு வரும்வரை தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். இந்த இறுக்கம்தான் உதறலை முளையிலேயே அடக்கும் தடை. பல இடங்களில் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, உதறலுக்கு மருந்தாகப் புது ஸ்டியரிங் டேம்பரைப் பூட்டிவிடுகிறார்கள். டேம்பர் நோயை மறைக்குமே தவிர ஆற்றாது. அது இல்லாமலேயே வண்டி நடுங்காமல் ஓட வேண்டும். அதன்பின் பூட்டினால்தான் அது உண்மையான பயன் தரும்.

ஸ்டியரிங் பாக்ஸின் மேலுள்ள திருகு ஆட்டத்தைக் குறைக்கும். சக்கரம் நேராக இருக்கும் நிலையில், லாக் நட்டைத் தளர்த்திச் சிறிது சிறிதாகவே திருக வேண்டும். அளவு மீறினால், வளைவிலிருந்து வெளிவரும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. பாக்ஸ் பூட்டியிருக்கும் சட்டத்தில் விரிசல் உண்டா என்பதையும் அப்போதே பார்ப்பது நல்லது.

அடுத்தது கேஸ்டர். கிங்பின் அச்சுக்கோட்டின் மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் நேர்திசையை நாடுகிறது. ஜிப்சியின் முன்பட்டையில் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அந்த ஷேக்கிளை நீளமாக்கினால் பட்டையின் முன்முனை கீழிறங்கும், அதோடு அச்சு முன்பக்கம் உருளும், கேஸ்டர் குறையும். வண்டியை ஓர் அங்குலம் தூக்க ஆசைப்பட்டவர் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே போகும் நிலை இப்படித்தான் வருகிறது. முந்தைய உரிமையாளர் இப்படிச் செய்திருந்தால், மூல நீள ஷேக்கிளைத் திரும்பப் போடுவதே சரி. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம் என்றாலும் அது இரண்டாம்பட்சம். தூக்கிய வண்டியில் டிராக் லிங்கும் சரிந்துவிடும். சக்கரம் மேடேறும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தானே இழுக்கும். டோ-இன் அளவை வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். இரு முன்டயர்களின் நடுவிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஹப் உயரத்தில் முன்னாலும், டயரை அரைச்சுற்று சுற்றிப் பின்னாலும் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பதே முறை.

டயர் மாற்றம் உடனடியாக உணரக்கூடியது. ஜிப்சி கிங்கோடு வந்த எஃப்78-15 டயர் குறுக்கிழை வகை. அதன் பக்கச்சுவரும் தரைபடும் பகுதியும் ஒரே உடலாக வளைவதால், சாலையின் ஒவ்வொரு நீள்கோடும் வண்டியை இழுக்கும். ரேடியல் போட்டவுடன் அந்த அலைச்சலில் பெரும்பகுதி போய்விடுகிறது. 215/75 ஆர்15 அளவின் வெளிவிட்டம் சுமார் 704 மில்லிமீட்டர். பழைய டயருக்கு மிக நெருக்கமானது. 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 ஆகிவிடும். கியர் விகிதம் நான்கு சதவீதம் நீளும், ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங் கனக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கடைசிக் குறை தோளுக்குத் தெரியும். வெளியே தள்ளிய ரிம்மும் ஸ்பேசரும் இடைவெளியை விரித்து வண்டியை நிலைப்படுத்துவது மெய்தான். ஆனால் சக்கரத்தின் நடுக்கோடு கிங்பின் கோட்டிலிருந்து விலகுவதால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கில் உதைக்கும், பேரிங்கின் மேல் நெம்பு விசை கூடும். காற்றழுத்தம் ஜிப்சியின் எடைக்கேற்றதாக இருக்க வேண்டும். கனமான ஜீப்புகளுக்கு வைக்கும் அழுத்தத்தை இதற்கும் வைத்தால், செய்த வேலையெல்லாம் கல்லாகிப் போன டயரோடு வீணாகும்.

ஷாக் அப்சார்பரைக் கடைசியில் வாங்குவதற்குக் காரணம் உண்டு. பட்டையின் உராய்வு சீரான பிறகுதான் எவ்வளவு தடுப்பு தேவை என்பது தெரியும். பம்பரை அழுத்திவிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனை இங்கே ஏமாற்றும். துருப்பிடித்த பட்டையே துள்ளலை நிறுத்திவிடும். கழற்றிக் கையால் இழுத்தும் அழுத்தியும் பார்ப்பதே நம்பகமானது. இழுக்கையில் தடை கூடுதலாகவும், அழுத்துகையில் குறைவாகவும், திசை மாறும் இடத்தில் வெற்றசைவு இல்லாமலும் இருந்தால் அது உயிருள்ள ஷாக். மிகக் கடினமான வாயு ஷாக்குகளை விட, விரியும்போது நன்றாக அடக்கும் மிதமானவை இந்த எடை குறைந்த வண்டிக்குப் பொருந்துகின்றன. ஜிப்சிகள் நெடுங்காலம் கோலோச்சிய ரெய்டு டி ஹிமாலயா போன்ற பந்தயங்களில் ஓடியவற்றின் அமைப்பை அப்படியே தினசரி வண்டிக்குக் கொண்டுவருவது பொருந்தாது. அவை வேறு வேகத்துக்கும் வேறு தரைக்கும் அமைந்தவை.

நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் இணைப்பதால் பிடிப்பு கூடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஜிப்சியில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, வண்டி நேராகவே போக முயலும். நான்கு சக்கர இயக்கத்தை இணைக்கும் நெம்புகோல் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம்.

சோதனை ஓட்டத்துக்கு ஆளில்லாத நேர்ச்சாலை ஒன்று, கரடுமுரடான தார்ச்சாலை ஒன்று, மலைவளைவு ஒன்று வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையின் சில திருப்பங்களே பின்பட்டையின் நிலையைக் காட்டிவிடும். நேர்ச்சாலையில் பிடியைத் தளர்த்தினால் வண்டி கோட்டில் நிற்க வேண்டும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. புதிதாகப் பூட்டிய பட்டை சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் படிந்து, யு-போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே அவற்றைக் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு மீண்டும் இறுக்கி, டோ-இன்னை ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும்.