பச்சையெல்லாம் பசுமையாகுமா?

நகர அமைப்பைப் பற்றி எழுதுவோரும் திட்டமிடுவோரும் இன்று ஓயாது கையாளும் சொல் 'நிலைபேறு' என்பது. அச்சொல்லின் நிழலில் பல பண்டங்கள் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்று செயற்கைப் புற்றரை. நீர் ஊற்ற வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை, உரமிட வேண்டியதில்லை, ஆண்டு முழுவதும் பச்சையாயிருக்கும் என்பது அதை விற்போர் வாதம். தமிழில் பச்சை என்பது நிறத்தை மட்டும் குறிப்பதன்று. பச்சை மரம், பச்சை மண், பச்சைக் குழந்தை என்னும் வழக்குகளில் ஈரமும் உயிரும் அதன் பொருளாகின்றன. பச்சைப் பொய் என்பதும் நம் வழக்கே. இவற்றுள் எப்பொருளில் இப்புற்றரை பச்சையாகிறது என்று ஆராய்வது நம் கடனாகும்.

இதன் பிறப்பு வரலாறே படிப்பினை தருவது. அமெரிக்க நகரங்களின் பிள்ளைகளுக்கு விளையாட நல்ல தரை இல்லையே என்ற கவலையை முன்வைத்து போர்ட் நிதியம் ஊக்கமளித்தது. மொன்சான்ரோ என்னும் இரசாயனக் கம்பனி பொருளை ஆக்கியது. ஆனால் 1964இல் அது முதன்முதல் விரிக்கப்பட்டது புறொவிடன்ஸ் நகரின் மோசஸ் பிறவுண் என்னும் தனியார் பாடசாலையிலேயாம். 1965இல் ஹூஸ்ரன் நகரில் கூரை வேய்ந்த பெரும் விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. ஒளிபுகும் கூரையின் வெளிச்சம் ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச்செய்தமையால் அதற்கு வர்ணம் பூசினர். வெயில் மறைந்ததும் உள்ளிருந்த புல் மடிந்தது. 1966இல் அங்கே செயற்கைப் புல் வந்தது. ஏழைப் பிள்ளையின் பெயரால் பிறந்த பொருள், பெருமுதலீட்டின் காட்சிக் கூடத்தில்தான் புகழ் பெற்றது.

எனினும் நாம் பழமைக்குக் கொடி பிடிப்பவர் அல்லர். புல் என்றால் நல்லது, பிளாஸ்ரிக் என்றால் தீது என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுவது விமர்சனமாகாது. சனநெருக்கம் மிக்க நகரில் நாள் முழுவதும் பல நூறு கால்கள் மிதிக்கும் மைதானத்தில் இயற்கைப் புல் நிலைப்பது அரிது. மழையில் சேறும் கோடையில் புழுதியுமான வெளியைவிட, காலையும் மாலையும் ஆடத்தக்க ஒரு தரை தொழிலாளர் குடியிருப்பின் இளைஞருக்குப் பேருதவியே. இவ்வுண்மையை மறைத்து வாதாடுதல் நேர்மையன்று.

ஆயினும் அத்தரைக்கு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்கவேண்டும். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆட்டம் முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாற்றப்பட்டது. அதற்குமுன் ஏழு முறை தங்கப் பதக்கம் வென்றிருந்த இந்தியா, அவ்வாண்டு ஏழாம் இடத்திற்கு இறங்கியது. வீழ்ச்சிக்குத் தரை ஒன்றே காரணம் என்பது மிகை. பாக்கிஸ்தான் அதே தரையில் வெண்கலம் பெற்றது. ஆனால் ஒரு மட்டையும் வெறும் நிலமும் போதுமென்றிருந்த ஆட்டம், அன்றுமுதல் பெரும் பணம் வேண்டும் ஆட்டமாயிற்று என்பதில் ஐயமில்லை. நீர் வேண்டாத தரை என்ற புகழுரையும் இங்கே பொய்த்தது. உயர்தர ஹொக்கித் தரைகளை ஆட்டத்திற்கு முன் நீரால் நனைப்பதே நெடுங்கால வழக்கமாயிருந்து வந்துள்ளது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலிருந்து நோக்கும் நமக்கு வேறு இரண்டு கேள்விகளும் எழுகின்றன. முதலாவது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் தெருக்களில் நடப்பதே கடினம். இயற்கைப் புல் ஆவியுயிர்ப்பினால் தன்னையும் சூழலையும் குளிர்விக்கிறது. செயற்கைப் புல்லுக்கு அவ்வாற்றல் இல்லை. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸுக்கு மேலும் சூடேறுவது அளந்து காணப்பட்டுள்ளது. நிழல் வேண்டும் ஊருக்கு நெருப்பை விரிப்பது நிலைபேறாகுமா?

இரண்டாவது கடல். இக்காலத்து உதைபந்தாட்டத் தரைகளின் இழைகளுக்கிடையே பழைய ரயர்களை அரைத்த இறப்பர்த் துகள் நிரப்பப்படுவதுண்டு. முழு அளவான மைதானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 தொன் வேண்டும். காலணியோடும் காற்றோடும் மழைநீரோடும் அத்துகள் வெளியேறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இத்தகைய துகள்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. விளையாட்டுத் தரைகளுக்கு எட்டாண்டுத் தவணை அளித்துள்ளது. அங்கே விலக்கப்படும் சரக்கு மலிவு விலையில் எத்திசை நோக்கி வரும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கலந்து மேற்குக் கரை மீனவரின் பிழைப்பைக் கெடுத்தன. அது ஒருமுறை நேர்ந்த விபத்து. மைதானத் துகளோ ஒவ்வொரு மாரியிலும் வடிகால் வழியே சிறிது சிறிதாகச் செல்வது. வாடையோடு வரும் மழை முழுவதும் குடாவுக்கே வடியும் நம் ஊரில் இது சிறு செய்தியன்று.

இவற்றினும் அடிப்படையான கேள்வி, தரை யாருடையது என்பதாகும். இதற்குச் சென்னை நகரம் தெளிவான சான்று தந்துள்ளது. அங்கே மாநகராட்சி பொதுப்பணத்தில் உதைபந்தாட்டச் செயற்கைத் தரைகளை அமைத்திருந்தது. 2024 ஒக்ரோபர் இறுதியில், அவற்றுள் ஒன்பதைத் தனியார் பராமரிப்பில் விடவும், ஆடுவோரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபா அறவிடவும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. பத்துப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபா! உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன வடசென்னையின் கூலித்தொழிலாளி வீட்டுப் பிள்ளை அன்றாடம் இதைக் கொடுப்பது எவ்வாறு? இடதுசாரிகள் உட்படப் பலரும் எதிர்த்தனர். தீர்மானம் விரைவிலேயே கைவிடப்பட்டது. மக்கள் குரலுக்கு வலிமையுண்டு என்பதை இது காட்டுகிறது. ஆனால் தீர்மானம் பிறந்ததற்கான காரணத்தையும் நாம் மறத்தலாகாது. மண் வெளியைச் சுற்றிக் கட்டணம் வாங்குவது எளிதன்று. அதன்மேல் விலையுயர்ந்த கம்பளத்தை விரித்தால் பராமரிப்பு என்ற செலவு பிறக்கும்; செலவு பிறந்தால் வேலியும், வேலிக்கு ஒரு வாயிலும், வாயிலில் ஒரு சீட்டும் தாமாகவே வந்து சேரும். பொதுநிலம் பண்டமாகும் வழி இதுவே.

ஆகவே செயற்கைப் புற்றரையை முற்றாக ஏற்பதோ முற்றாக மறுப்பதோ நம் நிலையன்று. வீதி நடுவிலும் பூங்காவிலும் அழகுக்காக விரிக்கப்படும் பிளாஸ்ரிக் புல் எவருக்கும் பயனற்றது. நிழல் தரும் ஒரு வேம்புக்கு அது ஈடாகாது. விளையாடும் தரைக்கென ஒரு திட்டம் நம் ஊருக்கு வருமாயின், உள்ளூராட்சி மன்றத்திடம் சில வினாக்களை எழுத்தில் கேட்போம். நிரப்புவது எத்துகள்? அது கடலை அடையாது தடுக்க என்ன ஏற்பாடு? பத்தாண்டளவில் தேய்ந்தபின் அக்கம்பளம் எங்கே போகும்? மைதானத்தைச் சுற்றி மரம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் காசில்லாத பிள்ளை எந்த நேரத்திலும் உள்ளே வரலாமா?

இவ்வினாக்களை மாணவர் தம் வகுப்பறையிலேயே எழுப்பட்டும். ஆசிரியர் அவர்களோடு சேர்ந்து விடை தேடட்டும். விடை எழுத்தில் வரும்வரை, புழுதியாயினும் பிள்ளைகள் தடையின்றி ஓடும் வெளியை எவருக்கும் கையளிக்க நாம் உடன்படலாகாது.