சித்தேரி மலையும் மகப்பேற்று மருத்துவ மரபுகளும்

தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்த சித்தேரி மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை முதலிய மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. அவர்களுடைய பச்சிலை வைத்தியமும் மருத்துவச்சிகளின் கைப்பழக்கமும் ஏட்டில் ஏறாமல் தலைமுறை வழியாக வந்தவை. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் மலைக்குடும்பத்தின் முன் இந்த வாய்மொழி மரபும், ஏட்டு மரபுகளான சித்தமும் ஆயுர்வேதமும், இவற்றோடு இன்றைய அலோபதி மருத்துவமும் ஒருங்கே நிற்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கமான வினாவைவிட, ஒவ்வொரு மரபும் தனக்கென எத்தகைய அளவுகோலை வகுத்துக்கொண்டது, அந்த அளவுகோல் இன்று எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்னும் வினாவே பயன் தருவது.

ஆயுர்வேதத்தில் கருத்தரிப்பைப் பற்றிய அடிப்படைக் கொள்கை சுசுருத சம்ஹிதையின் சாரீரஸ்தானத்தில், அதாவது உடலமைப்பைக் கூறும் பகுதியில், தெளிவாக உள்ளது. ருது எனப்படும் உரிய காலம், க்ஷேத்திரம் எனப்படும் கருப்பை, அம்பு எனப்படும் ஊட்டநீர், பீஜம் எனப்படும் ஆண் பெண் வித்து ஆகிய நான்கும் குறையின்றிக் கூடினால், முளை கிளம்புவதுபோல் கரு உறுதியாகத் தோன்றும் என்பது அந்நூலின் கருத்து. இந்நூல் ஆணின் வித்துக்கு எட்டுக் குற்றங்களைத் தனியே வகுத்துரைக்கிறது. சரக சம்ஹிதையோ சிகிச்சைப் பகுதியின் முப்பதாம் இயலில் பெண்ணின் கருவழி நோய்களை இருபதாகப் பகுத்து, தவறான உணவும் ஒழுக்கமும், மாதவிடாய்க் குற்றமும், வித்தின் குறையும், ஊழும் அவற்றுக்குக் காரணம் என்கிறது. ஆண்மையை வளர்க்கும் வாஜீகரணம் ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளது. மகப்பேறின்மைக்குப் பெண்ணை மட்டும் பொறுப்பாக்கும் ஊர்வழக்கத்துக்கு மூல நூல்களில் ஆதாரம் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் கேரள வைத்திய மரபின் முதன்மை நூலாயிற்று. 1902இல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையும் 1943இல் கோயம்புத்தூரில் தோன்றிய ஆரிய வைத்திய பார்மசியும் தமிழ்நாட்டில் ஆயுர்வேதம் என்றால் கேரள முறையே என்னும் எண்ணம் பரவக் காரணமாயின. மூக்கிரட்டையை முதன்மைச் சரக்காகக் கொண்ட சுகுமாரம், பாலும் நெய்யும் தண்ணீர்விட்டான் கிழங்கும் சேரும் பலகிருதம் ஆகியவை இம்மரபில் பெரிதும் வழங்குபவை. உடலை முதலில் தூய்மை செய்து, அதன் பின்னரே இவற்றைக் கொடுப்பது முறை.

சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களை ஏற்பதால் ஆயுர்வேதத்துக்கு நெருங்கியதாகத் தோன்றினாலும், நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எண்வகைத் தேர்வாலும், உலோகங்களையும் பாடாணங்களையும் பற்பமாகவும் செந்தூரமாகவும் முடிக்கும் கலையாலும் தனித்து நிற்கிறது. கரு உருவாகும் விதத்தைத் திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரம் கர்ப்பக் கிரியை என்னும் பகுதியில் விரித்துக் கூறுகிறது. ஆயினும் மூச்சின் போக்கால் குழந்தையின் பால் அமையும் என்று அப்பகுதி கூறும் கருத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. தந்தையின் விந்தணுவில் உள்ள குரோமோசோமே அதனைத் தீர்மானிக்கிறது.

ஆயுர்வேத நூல்களில் ஆண்மகவு வேண்டிச் சொல்லப்படும் பும்சவனம் என்னும் சடங்கையும் இவ்வாறே ஒதுக்க வேண்டும். பெண் சிசுக் கொலைக்குப் பெயர்பெற்ற சேலம் மாவட்டத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டு, 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டதை நினைவுகொள்வோருக்கு, ஆண்பிள்ளைக்கு மருந்து என்னும் பேச்சு இம்மண்ணில் எவ்வளவு கொடியது என்பது விளங்கும். பிறக்கும் குழந்தையின் பாலைத் தீர்மானிக்கும் நோக்கத்தோடு எதைக் கொடுத்தாலும், அது மூலிகையே ஆனாலும், கருவின் பால் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தமும் அதனைக் குற்றமாகவே கொள்கின்றன.

மருந்துச் சரக்கைப் பற்றிய அளவுகோலே இத்துறையில் மிகவும் சிக்கலானது. பலகிருதத்தின் சில பாடங்களில் சேரும் லட்சுமணா என்னும் மூலிகை எது என்பதில் வைத்தியர்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. வெள்ளைப் பூப் பூக்கும் கண்டங்கத்தரி என்பர் ஒரு சாரார், தாளிக்கொடி என்பர் கேரளத்தார். இமயமலையில் விளையும் மேதா, காகோலி ஆகியவற்றுக்கு முறையே தண்ணீர்விட்டான் கிழங்கையும் அமுக்கராவையும் மாற்றுச் சரக்காகக் கொள்ளலாம் என்று பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலே விதி செய்திருப்பது, அறிந்து செய்யும் மாற்றம். அறியாமலும் அறிந்தே ஏமாற்றியும் செய்யப்படும் மாற்றம் வேறு. மாதவிடாய்க் கோளாறுகளுக்குக் கொடுக்கப்படும் அசோகப்பட்டைக்குப் பதிலாகத் தெருவோரங்களில் அழகுக்கு வளர்க்கும் நெட்டிலிங்கத்தின் பட்டை சந்தையில் கலக்கப்படுவது பல காலமாக அறியப்பட்ட குறை. உண்மையான அசோகமோ காட்டில் அருகிவரும் மரம். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் அருந்தும் மலைவேம்புச் சாற்றின் நிலை இன்னும் கவலைக்குரியது, ஏனெனில் அப்பெயரால் குறிக்கப்படும் மரங்கள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்றன் பழம் நச்சுத்தன்மை உடையது. மரத்தை நேரில் அறிந்த மலைமக்கள் இதில் தவறுவது அரிது. பொடியாக்கி உறையில் அடைத்து விற்கப்படும் மருந்தை வாங்குபவருக்கு அந்த அறிவு கைகூடுவதில்லை. மலைகளிலிருந்து இறங்கும் சரக்கு வியாபாரிகளின் கைமாறி நாட்டு மருந்துக் கடையை அடையும்போது, எந்த மலையில், எந்தப் பருவத்தில், யார் பறித்தது என்னும் விவரம் அனைத்தும் கழன்றுவிடுகிறது.

செய்முறையில் முன்னோர் வகுத்த சோதனைகள் கடுமையானவை. நெய் மருந்து பக்குவம் அடைந்ததற்கு அடையாளமாக, கல்கம் எனப்படும் அரைத்த மூலிகை விழுதை விரலால் திரித்தால் திரியாக வர வேண்டும். அதனைத் தீயில் இட்டால் படபடவென்று வெடிக்கக் கூடாது. எண்ணெயில் நுரை எழுவதும் நெய்யில் நுரை அடங்குவதும் பதம் கூடியதைக் காட்டும். பற்பமானது நீரில் மிதக்க வேண்டும், விரல்ரேகைக்குள் படிய வேண்டும், மீண்டும் உலோகமாகத் திரும்பக் கூடாது. இவை போற்றத்தக்கவை எனினும் போதுமானவை அல்ல. கரையும் ஈயத்தின் அளவைக் கண்ணாலும் விரலாலும் காண இயலாது. கருவையும் விந்தணுவையும் ஈயம் கெடுக்கும் என்பதால், மூலிகை மருந்தில் ஈயம் 10 பிபிஎம், பாதரசம் 1 பிபிஎம் அளவைக் கடக்கக் கூடாது என்னும் இன்றைய ஆய்வக வரம்பு, பழைய சோதனைக்குப் போட்டியன்று, அதன் தொடர்ச்சி.

இம்மரபுகளின் கல்வி வரலாறு சுருக்கமாகச் சொல்லத் தக்கது. சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழு 1923இல் அளித்த அறிக்கையின் விளைவாகக் கீழ்ப்பாக்கத்தில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றும் ஒரே பள்ளியில் கற்பிக்கப்பட்டன; 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எழுந்தன. மலைவைத்தியர் இந்த அமைப்பு எதிலும் இடம்பெறவில்லை. சரக்கை இனங்காணும் அவருடைய அறிவைக் கல்லூரிகள் கேட்டுப் பதிந்துகொள்ளாதது இத்துறையின் பெரிய இழப்பு.

மருந்துகளின் பயனைப் பற்றி மிகையாகப் பேசுவதற்கு இடமில்லை. அமுக்கராவை மூன்று மாதம் உண்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை உயர்ந்ததாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. விந்தணு முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், வைத்தியர்கள் விதிக்கும் மூன்று மாதக் காலமும் பொருத்தமானதே. எனினும் கருக்குழாய் அடைப்பையோ விந்தணு அறவே இல்லாத நிலையையோ இலேகியத்தால் மாற்ற முடியும் என்பதற்குச் சான்று இல்லை. பெண்களின் மலட்டுத்தன்மையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுத்திருக்க, சுவரொட்டிகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் உறுதிமொழிகளை வாரி வழங்குவது நாட்டு வைத்தியத்துக்கே இழுக்கு.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் மகப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே இதில் வெட்கத்துக்கு இடமில்லை. எந்த மரபின் வைத்தியரை நாடினாலும் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்ல வேண்டும். விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது என்பதால், மனைவிக்கு மருந்து தொடங்கும் முன் அதனை முடித்துவிட வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால், ஓராண்டு காத்திராமல் ஆறு மாதத்திலேயே மகப்பேறு மருத்துவரைக் காண வேண்டும். கரு தங்கியது தெரிந்தவுடன், உண்டுவரும் மூலிகை மருந்தைத் தொடரலாமா நிறுத்தலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.