பகல் கனவு: ஆசிரியரைத் தேர்வெழுத வைக்கும் நூல்

'பகல் கனவு' குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா (1885–1939) எழுதிய சிறு நூல். 1930களின் தொடக்கத்தில் குஜராத்தி மொழியில் வெளிவந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் வந்துள்ளது. வழக்கறிஞராக இருந்த கிஜுபாய், மகன் பிறந்த பிறகு குழந்தைக் கல்வியில் நாட்டம் கொண்டார். மாண்டிசோரியின் கருத்துகள் அவரை ஈர்த்தன. 1920இல் பாவநகரில் குழந்தைகளுக்காகப் பாலமந்திர் பள்ளியைத் தொடங்கினார். அந்த அனுபவமே இந்நூலுக்கு அடிப்படை.

கதை எளியது. ஓர் இளைஞர் கல்வி அதிகாரியிடம் போய், நான்காம் வகுப்பை ஓராண்டுக்குத் தம் பொறுப்பில் விடும்படி கேட்கிறார். அனுமதி கிடைக்கிறது. வீட்டில் அவர் கவனமாக எழுதிவைத்த திட்டம் முதல் நாளே குலைகிறது. அமைதி விளையாட்டு கூச்சலில் முடிகிறது. பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. கதைப் புத்தகங்கள், விளையாட்டு, நாடகம் என்று ஓராண்டு நகர்கிறது. சக ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். அதிகாரி பாடம் எப்போது என்று கேட்கிறார்.

நூலின் பலம் அந்த முதல் நாள் தோல்வியில் இருக்கிறது. பி.எட். பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத் தருகிறார்கள். எழுதிய குறிப்பு வகுப்பில் பலிக்காவிட்டால் பையன்கள் சரியில்லை என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். இந்த ஆசிரியரோ அன்றிரவு தம் திட்டத்தைத்தான் திருத்துகிறார். நூல் முழுவதும் தேர்வு எழுதுபவர் அவரே. இளைஞர்கள் முன்னேறுவதற்கென்று இன்று கடைகளில் குவியும் நூல்களில் பல, அதிகாலையில் எழு, கவனம் சிதறாதே என்று பிள்ளைகளுக்கு மட்டுமே புத்தி சொல்கின்றன. பெரியவர்கள் மாற வேண்டும் என்று சொல்பவை குறைவு.

குறையும் உண்டு. இந்நூலில் பெற்றோர் ஒரு தடையாகவே வந்து போகிறார்கள். பள்ளிக்கு அழைத்தால் சிலரே வருகிறார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று நூல் நின்று கேட்பதில்லை. காஞ்சிபுரத்தில் பாடம் நடத்தியவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். கரைக்குத் தனி நாடா ஓட வேண்டும். அதற்கு நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை தேவை. நெடுங்காலம் அந்தக் கை பல வீடுகளில் சொந்தப் பிள்ளையின் கையாக இருந்தது. கூலியும் நாளுக்கு அல்ல, நெய்து முடித்த சேலைக்கு. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியை விட்டு ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், அந்த அரை நாள் வேலை அப்படியே நின்றுவிடும். இதை அறியாமல் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று முடிவு கட்டுவது தவறு. பகல் கனவை மட்டும் படிக்கும் இளம் ஆசிரியர் அந்த முடிவுக்கு எளிதில் வந்துவிடக்கூடும்.

ஆகவே இதனுடன் வேறு இரு நூல்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட 'டோட்டோ சான்'. இதற்கும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய டோமோயி பள்ளியையும், முதல் சந்திப்பிலேயே சிறுமியின் பேச்சை மணிக்கணக்கில் கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷியையும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். சிறுமியின் தாயை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முதல் பள்ளி மகளை வெளியேற்றியதை, மகளுக்கு இருபது வயது கடக்கும்வரை அந்தத் தாய் சொல்லவே இல்லை. மகள் தன்னைக் கெட்ட பெண் என்று நினைக்காமல் வளர்ந்தாள். கிஜுபாய் காட்டாத பெற்றோர் இங்கே இருக்கிறார்.

மற்றொன்று, இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஓர் ஆசிரியை தம் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரை வடிவில் அமைந்த குறுநாவல். கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, அடியின் வலி தெரியாமலிருக்க வழி தேடி உயிரையே இழக்கிறாள். கேட்கும் ஆசிரியரும் காக்கும் பெற்றோரும் வாய்க்காத பிள்ளையின் கதை இது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. பிரம்பு மறைந்த வகுப்புகளிலும் கேள்வி கேட்கும் பிள்ளையை ஏளனம் செய்வது மறைந்துவிடவில்லை. அதனால் இக்கதை பழையதாகவில்லை.

பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் முதலில் 'பகல் கனவு', அடுத்து 'ஆயிஷா' என்ற வரிசையில் படிக்கலாம். பெற்றோருக்கு 'டோட்டோ சான்' ஏற்றது. வாசிக்க நேரமில்லாத நெசவாளர் வீடுகளில், பள்ளிப் பிள்ளையே அதை நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து உரக்கப் படித்துக் காட்டலாம். அத்தியாயங்கள் சிறியவை, கை வேலையில் இருந்தாலும் காது கேட்கும்.