காணாமற்போனவரும் காண்போரும்

ஒரு நூலைத் திறனாய்வு செய்யப் புகுவோர், அது யாரால், எக்காலத்தில், எவர்பொருட்டு ஆக்கப்பட்டது என்னும் வினாக்களை முதலில் எழுப்புகின்றனர். அவ்வினாக்களைப் புறக்கணித்துவிட்டு நூலின் அழகை வியந்து நிற்பது இரசனையாகலாம், திறனாய்வாகாது. இன்றோ நூலை வாசிப்பதைக் காட்டிலும் படத்தைப் பார்ப்பதே நம் மக்களின் நாளாந்த வாசிப்பாகிவிட்டது. ஆயின் படத்தின் முன்னே அதே வினாக்களை எழுப்பும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. இதனால் விளையும் கேட்டினைக் காணாமற்போன மனிதர் பற்றிய படங்களை முன்வைத்து ஆராய விழைகின்றோம்.

வல்வெட்டித்துறையின் ஒழுங்கைகளில் நடப்போர் இன்று மதில்களின்மேல் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கமெராக்களைக் காண்பர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகள், தாயும் தந்தையும் தனித்திருக்கும் வீட்டின் படலையைத் தம் கைத்தொலைபேசியிலே பார்த்துக்கொள்கின்றனர். பிரிவின் துயரத்தை ஓரளவு ஆற்றும் இக்கருவியை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அது உடைமையைக் காப்பதற்கென ஆக்கப்பட்ட கருவி என்பதை மறத்தலாகாது. படலையும் தெருவில் பத்து முழமும் அதற்குத் தெரியும். அவ்வழியே சென்ற மனிதன் எங்கிருந்து வந்தான், எத்துயரோடு வந்தான், எவரால் அழைத்துச் செல்லப்பட்டான் என்பது அதற்குத் தெரியாது. அது காட்டாமல் விட்டதே அது காட்டுவதிலும் பன்மடங்கு பெரிது.

எனினும், எவரேனும் காணாமற்போனால் அத்தகைய கமெராப் படமே முதலில் கைக்குக் கை மாறுகிறது. ஒரு மணிப்பொழுதுக்குள் ஆயிரம் உரையாசிரியர் தோன்றிவிடுகின்றனர். நடையில் தயக்கம் உண்டு என்பார் ஒருவர். பையின் கனம் மாறியிருக்கிறது என்பார் இன்னொருவர். வீட்டிலுள்ளோர் ஏன் போதிய அளவு அழவில்லை என்றுகூடக் கேட்பர். துயரம் இப்படித்தான் வெளிப்பட வேண்டுமென்று இலக்கணம் வகுத்தவர் யாரோ, நாம் அறியோம்.

இத்தகைய வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். நம்மூர்க் கடலோடிகள் 1938இல் ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலைச் செலுத்திச் சென்று சேர்ந்த கிளாஸ்டர் துறைமுகம் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் உள்ளது. அம்மாநிலத்தின் தலைநகரான பொஸ்ரனில் 2013 ஏப்ரல் 15 அன்று, மரதன் ஓட்டப் போட்டியின்போது இரு குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மூன்று நாட்களின் பின், கமெராக்களில் பதிந்த இரு இளைஞரின் தெளிவற்ற படங்களைப் புலனாய்வுத் துறையினர் வெளியிட்டனர். அக்காலத்தில் அயல் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், இந்தியக் குடும்பத்து மாணவர் ஒருவர் மார்ச் 16 முதல் காணப்படவில்லை. குடும்பத்தார் அவருடைய படங்களை வெளியிட்டு, கண்டவர் சொல்லுங்கள் என்று உலகை இரந்து நின்றனர். தேடுவதற்கென வெளியிட்ட அப்படங்களையே எடுத்துக் கமெராப் படத்தோடு பொருத்தி, குண்டு வைத்தவன் இவனே என்று இணையத்தில் தீர்ப்பு எழுதினர். ஓரிரவில் அத்தீர்ப்பு பல்லாயிரம் பேரின் நாவில் ஏறியது. குடும்பத்தாரின் பக்கத்தில் வசைமாரி பொழிந்தது. மறுநாள் உண்மையான சந்தேகநபர்கள் யாரெனத் தெரியவந்தது. ஏப்ரல் 23 அன்று அம்மாணவரின் உடல் ஆற்றுநீரில் கண்டெடுக்கப்பட்டது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. அவர் பெயரை ஈண்டு நாம் எழுதவில்லை. வேண்டாத வாய்கள் அதை வேண்டுமளவு உச்சரித்துவிட்டன.

ஆயிரமாயிரம் முகங்களுள் அம்முகமே தெரிவு செய்யப்பட்டது ஏன்? தெளிவற்ற படத்தில் மனிதர் காண்பது பெரும்பாலும் தம் மனத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் பகைவனையே. மாநிற மேனியும் அயற்பெயரும் அங்கே போதியனவாயின. தமிழகமும் இதற்கு விலக்கன்று. 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கமெராவில் பதிந்த மங்கலான உருவத்துக்கு இணையத்தில் பலர் முஸ்லிம் பெயரொன்றைச் சூட்டினர். பின்னர் பொலிசார் கைதுசெய்தவர் அச்சமூகத்தவர் அல்லர். படம் மங்க மங்க இனப்பகையும் மதப்பகையும் துலக்கமாகின்றன.

இவ்வாசிப்பின் இலக்கிய மூலத்தையும் நாம் இனங்காண வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் காலந்தொட்டுத் தமிழ் வாசகரைக் கவர்ந்துவரும் துப்பறியும் கதையே அது. அக்கதையில் விழுந்துகிடக்கும் பொத்தானுக்கும் பொருள் உண்டு. ஏனெனில் அதை அங்கே போட்டவர் ஆசிரியர். குற்றவாளி யார் என்பது முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. வாழ்க்கைக்கு அத்தகைய ஆசிரியர் எவருமில்லை. ஒழுங்கையில் தயங்கி நின்றவன் செருப்பு வார் அறுந்ததால் நின்றிருக்கலாம். தற்செயலையெல்லாம் தடயமாக்குபவர், கதையின் விதியை மனிதர்மீது ஏற்றுகின்றனர். கதையில் பிழையாக ஊகித்த வாசகருக்கு நட்டமில்லை. வாழ்வில் அந்நட்டத்தைத் தாங்குபவர் வேறொருவர். ஊகித்தவரோ மறுநாள் வேறு படத்துக்குப் போய்விடுகிறார்.

ஊகம் மக்களிடமிருந்துதான் எழுகிறது என்று கருதுவதும் தவறு. மேலிருந்தும் அது இறக்கப்படும். கேலிச்சித்திரக் கலைஞரும் பத்திரிகையாளருமான பிரகீத் எக்னெலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு நாட்களுக்கு முன்னர், 2010 ஜனவரி 24 அன்று காணாமலாக்கப்பட்டார். அவருடைய மனைவி சந்தியா நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 2011 நவம்பரில், ஐக்கிய நாடுகள் சபையின் சித்திரவதைக்கு எதிரான குழுவின் முன்னிலையில், முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ், எக்னெலிகொட வெளிநாடொன்றில் தஞ்சமடைந்திருப்பதாகக் கூறினார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் வினவப்பட்டபோது, அவர் இருக்குமிடம் தமக்குத் தெரியாது என்றார். 2013இல் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவரைப் பிரான்சில் கண்டதாகச் சொன்னார். 2015இல் ஆட்சி மாறியபின் நடந்த விசாரணையில் இராணுவப் புலனாய்வுப் பிரிவினர் கைதுசெய்யப்பட்டனர். 2019இல் வழக்குத் தொடரப்பட்டது. “அங்கே கண்டேன்” என்ற பேச்சு இத்தனை ஆண்டுகளில் எவருக்குப் பயன்பட்டது? தேடிய மனைவிக்கா? அல்ல. பதில் சொல்லக் கடமைப்பட்டோருக்கே.

இங்கே நம் மனத்தை மிகவும் வருத்தும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்துத் துண்டுப்பிரசுரம் ஒன்றில் மைத்திரிபால சிறிசேனவோடு பாடசாலைச் சீருடையில் மாணவியர் நிற்கும் படம் வெளியாயிற்று. அவர்களுள் ஒருத்தி, போரின் இறுதிக் கட்டத்தில் காணாமற்போன தன் மகளே என்று வன்னித் தாய் ஒருவர் அறிவித்தார். அப்படத்தைப் பெரிதாக்கி ஏந்தியபடி ஆண்டுக்கணக்கில் வவுனியாப் போராட்டப் பந்தலில் இருந்தார். இதுவும் ஊகந்தானே, இதையும் கண்டிக்கின்றீரா என்று வாசகர் வினவலாம்.

கண்டிக்கவில்லை. அத்தாயின் பார்வைக்கும் மற்றையோர் பார்வைக்கும் இடையே ஒரு பெருங்கடல் கிடக்கிறது. தாய் அப்படத்தைத் தன் பெயரோடும் முகத்தோடும் ஏந்தி நின்றாள். எவர்மீதும் பழி சுமத்த அவள் அதைக் காட்டவில்லை. பதிலைக் கோரவே காட்டினாள். இப்படம் எப்போது எடுக்கப்பட்டது, எந்தப் பாடசாலை, இப்பிள்ளையின் பெயர் என்ன? நாட்டின் தலைவரே நின்ற படத்தைப் பற்றிய இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண ஓர் அரசுக்கு எத்தனை நாள் வேண்டும்? அத்தாய் ஆண்டுக்கணக்கில் நின்றாள் என்பதே அவள் மனம் தெளியத்தக்க விடை அவளுக்கு அளிக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. மற்றையோரோ மூக்கையும் நெற்றியையும் அளந்து, அவள்தான் என்றும் அவளல்லள் என்றும் வழக்காடலாயினர். அரசிடம் கேட்கப்பட்ட கேள்வி, ஒரு சிறுமியின் முகத்தைப் பற்றிய பந்தயமாகச் சிறுத்துப்போயிற்று. இதையே நாம் கண்டிக்கின்றோம்.

அரசும் பொலிசாரும் நம்பத்தகாதவராயிருக்கையில் மக்கள் பாராமல் வேறு யார் பார்ப்பது என்னும் மறுப்பு நியாயமானதே. படங்களால் வெளியான உண்மைகளை நாமும் மறக்கவில்லை. கைகள் கட்டப்பட்ட மனிதர் சுடப்படும் காட்சியைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. அது பொய்யென்று அரசு உரைத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன், சட்ட மருத்துவம், சுடுகலன், காணொளி ஆகிய துறைகளில் வல்லுநர் மூவரைக் கொண்டு அதை ஆராய்வித்தார். காட்சி மெய்யானதாகவே தோன்றுகிறது என்ற முடிவை 2010 ஜனவரியில் அவர் வெளியிட்டார். அவ்வல்லுநர் முறைப்படி ஆராய்ந்து, தம் பெயரை இட்டு, தெளியாதவற்றையும் குறித்துவைத்தனர். ஆகவே நாம் கேட்பது மக்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதன்று. சாட்சிக்குரிய பொறுப்போடு காணவேண்டும் என்பதே. சாட்சி சொல்பவர் தாம் கண்டதற்குப் பதிலளிக்கக் கடமைப்பட்டவர். ஊகிப்பவர் எவருக்கும் கடமைப்படாதவர்.

இவ்வேறுபாடு இன்று நம் வாசலிலேயே சோதிக்கப்படுகிறது. யாழ்ப்பாணம் அரியாலையில், செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறு பிள்ளையின் புத்தகப்பையும் பொம்மையும் எலும்புகளோடு கிடந்தன. ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்றக் கட்டளைப்படி அப்பொருட்கள், உறவினர் இனங்காணுமாறு காட்சிக்கு வைக்கப்பட்டன. தாய்மார் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று பார்த்தனர். அதே நாட்களில், செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட போலி எலும்புக்கூட்டுப் படங்களும் கைத்தொலைபேசிகளில் உலாவின. இரக்கத்தால் பகிர்ந்தோரும் இருந்தனர் என்பதை ஏற்கின்றோம். ஆனால் ஒரு போலிப் படம், நூறு உண்மை எலும்புகளையும் பொய்யென்று சொல்ல நினைப்போருக்கு வாய்த்த கருவி அன்றோ? சான்றைப் பெருக்குவதாக எண்ணிச் சான்றையே அழிக்கும் செயல் அது.

தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இவ்விடத்தில் ஓர் இலக்கணச் செய்தியை உன்ன வேண்டும். ‘காணாமற்போனார்’ என்பதில் எழுவாய் தானே போகிறான். வேறு எவருக்கும் அங்கே வேலையில்லை. ‘காணாமலாக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. அங்கே ஒரு வினைமுதல் மறைந்து நிற்கிறான். முன்னைய சொல்லிலிருந்து பின்னைய சொல்லுக்கு வர நம் தாய்மார் வீதியோரப் பந்தல்களில் வெயிலிலும் மழையிலும் இருக்க வேண்டியிருந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அப்போராட்டத்தில், விடை காணாமலே மூப்படைந்து மாண்ட பெற்றோர் பலர்.

2009 மே மாதத்தில் வட்டுவாகலில் உறவினர் கண்முன்னே படையினரிடம் சரணடைந்தோர்க்கு எந்த மதிற்கமெராவும் சாட்சியில்லை. யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்களோடு சென்றார், அவரும் மீளவில்லை. அவர்களைத் தேடுவதற்குக் கூர்மையான படம் வேண்டியதில்லை. பொறுப்பேற்றவரின் பதிவேடு வேண்டும். படத்தைச் சுற்றி எழும் ஊகமோ நம்மை மீண்டும் பழைய சொல்லுக்கே இழுத்துச் செல்கிறது. எங்கே போனார், யாரோடு போனார், இவர் அவர்தானா என்று போனவரையே அது உசாவுகிறது. ஆக்கியவரை அது கேட்பதில்லை.

ஆதலின், அடுத்த முறை காணாமற்போன ஒருவரின் படம் நம் கையில் வந்து சேரும்போது, வகுப்பறையில் நாம் மாணவரிடம் கேட்கும் கேள்விகளை நம்மிடமே கேட்போம். இதை எடுத்தவர் யார்? எப்போது எடுத்தார்? இதற்கு முன்னும் பின்னும் இருந்தது என்ன? இதைப் பகிர்வதால் தேடுவோர்க்குப் பயனா, மறைப்போர்க்குப் பயனா? விடை தெரியாவிடின் படத்தைக் கீழே வைப்போம். தெரிந்த செய்தி ஏதுமிருப்பின் குடும்பத்தாரிடமோ அவர்தம் வழக்கறிஞரிடமோ நம் பெயரோடு சென்று சொல்வோம். பின்னர், தாய்மார் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை நாமும் சேர்ந்து உரத்துக் கேட்போம்: இவ்வாக்கியத்தின் வினைமுதல் யார்?