முள்ளைப் பார்த்துப் பற்றையை அறிவது

முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வைகாசி விசாகப் பொங்கலன்று வருகிறவர்கள் கடல்நீரில் எரியும் விளக்கைப் பார்ப்பார்கள், நந்திக்கடலைப் பார்ப்பார்கள். முள்ளியவளைப் பக்கமிருந்து நடந்து வரும் வழியில் நிற்கும் பற்றைகளை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. கேட்டால் ‘முள்ளுப் பற்றை’ என்பார்கள். வன்னியில் அந்த ஒரு பெயருக்குள் கிளா, காரை, சூரை, இலந்தை, விடத்தல், நாயுண்ணி என்று எத்தனையோ அடங்கிக் கிடக்கின்றன. பல இடங்களில் ஒன்றின் கொப்பு மற்றதுக்குள் புகுந்து பின்னிக்கொண்டு நிற்கும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோசம் இருக்கிறது.

இவை ஏன் ஒன்றுபோல இருக்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான். மிச்ச மாதங்களில் வெயில், வறட்டுக் காற்று. போதாததற்கு ஆடு, மாடு, மான் எல்லாம் மேய்கின்றன. உறவே இல்லாத செடிகள்கூட இந்த நெருக்கடிக்கு ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன: தடித்த சிறிய இலை, நெருங்கிய கொப்பு, முள். ஆகவே தூரத்திலிருந்து பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். பூவுக்கும் பழத்துக்கும் காத்திருந்தால் ஆண்டில் சில கிழமைகள்தான் கிடைக்கும். முள் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. அது எங்கே இருந்து புறப்படுகிறது என்று பாருங்கள்.

கிளாவும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பழகிய கண்ணும் தடுமாறும். இரண்டிலும் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக வரும். இரண்டிலும் முள்ளும் சோடிதான், நேரானதுதான். இப்போது கிட்டப் போங்கள். கிளாவின் முள் சிலவேளை நுனியில் இரண்டாகக் கவர்விட்டிருக்கும்; காரையின் முள் கவர்விடாது. காரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்துக்குச் சற்று மேலே முள் கிளம்பும். அதோடு, எதிரெதிரான இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டை ஒட்டி முக்கோணமாக ஒரு சிறு செதில் இருக்கும். கோப்பிக் குடும்பத்தின் முத்திரை அது; காரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளாவோ அலரிக் குடும்பம். அதன் இலையை நுள்ளினால் வெள்ளைப் பால் வரும். காரையில் பால் இல்லை.

பூக்கும் காலமென்றால் சந்தேகமே வேண்டாம். கிளாவுக்கு வாசமுள்ள வெள்ளைப் பூ, ஐந்து இதழ். காரைக்குக் கண்ணில் படாத பச்சை மஞ்சள் பூ, பெரும்பாலும் நான்கு இதழ். பழுத்தால் கிளாப்பழம் கறுக்கும், காரைப்பழம் மஞ்சளாகும். அலரியைத் தின்னும் பச்சை நிறப் பெரிய பருந்துப்பூச்சியின் புழு கிளா இலையையும் தின்னும். தாவரநூல் படித்தவர்கள் அலரியையும் கிளாவையும் ஒரே குடும்பத்தில் வைப்பதற்கு அந்தப் புழு சாட்சி சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பால் பார்க்கும் சோதனையில் ஒரு கண்டிப்பு உண்டு. அதைத் தரைப்பக்கப் பற்றையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்புநீர்க் கரைகளில் தில்லை வளரும். அதற்கும் வெள்ளைப் பால்தான், ஆனால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடியது. தோலிலும் எரிச்சல் வரும். தில்லையின் இலைகள் எதிரெதிராக வராமல் மாறி மாறி வரும், உதிருமுன் சிவக்கும். அதைக் கண்ணால் மட்டும் பார்த்து அறியுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது இலந்தையும் சூரையும். இவை நெருங்கிய சொந்தங்கள். இரண்டிலும் இலை மாறி மாறி வரும். அடியிலிருந்தே மூன்று நரம்புகள் ஓடும். இந்த மூன்று நரம்பைக் கண்டால் கிளா, காரை இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இலந்தை இலையைத் திருப்புங்கள்: அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கும், இலையும் வட்டத்துக்குக் கிட்டிய வடிவம். சூரை இலை ஒருபக்கம் சாய்ந்து, நுனி கூர்ந்து, அடியில் பட்டுமயிர் படிந்திருக்கும். இலந்தையின் முள் பல இடங்களில் சோடியாக வரும், ஒன்று நேர், மற்றது வளைவு. சூரையில் அனேகமாக ஒற்றை முள், தூண்டில்போல் பின்னோக்கி வளைந்தது. சட்டையைப் பிடித்தால் பின்னால் ஓரடி வைத்துத்தான் விடுவிக்க முடியும். இலந்தை தன் காலில் நிற்கும் மரமாகலாம். சூரை மற்றவற்றின்மேல் சாய்ந்து ஏறும். சூரைப்பழம் சிறியது, கறுத்து மினுங்கும். வெள்ளைச் சிறகில் கரும்புள்ளிகள் இட்ட ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி இந்த இனத்து இலைகளில் முட்டையிடும். அது ஒரு பற்றையையே சுற்றிச் சுற்றி வந்தால் அங்கே இலந்தையோ சூரையோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விடத்தலைப் பிழைவிட முடியாது. பொடி இலைகள், கொப்பின் நுனியே முள்ளாக முடியும், மேலே இளஞ்சிவப்பும் கீழே மஞ்சளுமாகத் தொங்கும் பூ. நாயுண்ணி இந்த மண்ணுக்குரியதல்ல. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்குள் வந்து பரவியது. நாற்சதுரத் தண்டு, அதன் தோலில் ஒழுங்கின்றிச் சிதறிய கொக்கி முள், கசக்கினால் கடும் மணம். இந்த மூன்றும் போதும்.

ஒரு கைக்கண்ணாடியும் கொப்பியும் கொண்டு போங்கள். ஹென்றி ட்ரைமன் தொடங்கி, 1896இல் அவர் இறந்தபின் ஜோசப் ஹூக்கர் முடித்த இலங்கைத் தாவரநூலில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஆனாலும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாடு மேய்க்கிற, விறகு வெட்டுகிற பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயருக்குப் பக்கத்தில் முள்ளின் படத்தையும் கீறி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முல்லைத்தீவு போர் நடந்த மண். மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்திலோ, ஊரவர் போகாத காட்டுக்குள்ளோ ஓரடியும் வைக்காதீர்கள். பார்க்க வேண்டியதெல்லாம் வீதியோரத்திலும் வேலிக்கரையிலும் தாராளமாக இருக்கிறது. முதல் நாளுக்குக் கிளாவும் காரையும் போதும்.